காது டாக்டரைப் பார்க்க ரயிலேறி

திருத்தணி மலையில் மொட்டையும் காதுகுத்தும் இல்லாத நாள் அபூர்வம். மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை ஊசி பட்டதும் வீறிட்டு அழும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். குத்திய காதுக்குக் கேட்கிறதா என்று மட்டும் அந்தக் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு வயதாகியும் பேசவில்லையா, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி முடித்துவிடுவாள். மூன்று வயதில் முருகனுக்கு ஒரு வேண்டுதல். ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தவர் குமரகுருபரர் என்பது ஊரறிந்த கதை. அந்த ஐந்தாம் வயதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்த வீடுகள் உண்டு. மருத்துவக் கணக்கில் அது பெரிய நஷ்டம். காது வழியாகப் பேச்சைக் கற்க மூளை நன்றாக வளைந்து கொடுப்பது முதல் மூன்று, மூன்றரை வருஷம்தான்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் இந்த ஊருக்குச் சென்னை ஜி.எச். தான். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அப்போதும் தண்டவாளம் என்னவோ சென்ட்ரலுக்குத்தான் போனது. இறங்கி ரோட்டைக் கடந்தால், 1835-ல் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஆஸ்பத்திரி.

அந்நாளைய காது மூக்கு தொண்டை டாக்டருக்கு அடையாளம், நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடி. நடுவில் ஓட்டை. நோயாளியின் தலைக்குப் பக்கத்தில் எரியும் பல்பு வெளிச்சத்தை அதில் வாங்கித் தொண்டைக்குள் பாய்ச்சுவார். குரல்வளையைக் காட்டும் சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடுகாட்டி, தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுவார். சூடில்லாவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும். நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு "ஈ... சொல்லு" என்பார். உள்ளே இருப்பது அவர் ஒருவர் கண்ணுக்குத்தான். பக்கத்தில் நிற்கும் மாணவனுக்கு அவர் சொல்வதே பாடம்.

இன்று எண்டோஸ்கோப். செவிப்பறையில் இருக்கும் ஓட்டையை நோயாளியும், கூட வந்த மாமியாரும் திரையில் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு யாரும் காதில் பூண்டு எண்ணெய் விடுவதில்லை என்று எழுத ஆசை. விடுகிறார்கள். சீழ் நின்றதும் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையைக் கொஞ்சம் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி அந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

பிறவியிலேயே கேளாத பிள்ளைகள் விஷயத்தில்தான் மாற்றம் பெரிது. கைதட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனையே அல்ல. நிழலாடினாலும் குழந்தை திரும்பும். தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையைச் செருகி ஒலியனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியை அளக்கும் கருவி இப்போது இருக்கிறது. சந்தேகமிருந்தால், ஒலி காது நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை. ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும், லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி, 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள சிறு குழந்தைக்குக் கைக்காசு இல்லாமல் பொருத்தப்படுகிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்து நகரிக்காரர்களுக்கு அவர்கள் அரசின் காப்பீட்டுத் திட்டம். அவர்கள் பார்வை திருப்பதிப் பக்கம். இந்தப் பக்கம் 2022 ஜனவரியில் திருவள்ளூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். தையல் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை 'ஆன்' செய்வார்கள். முதலில் கேட்பது வெறும் சத்தம்; அதைச் சொல்லாக்குவது மாதக்கணக்கில் நடக்கும் பேச்சுப் பயிற்சி. வாராவாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது பெரும்பாலும் அம்மா. போகிற நாளெல்லாம் கூலி போச்சு. கேபிள் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ பிள்ளைக்கு மறுபடி நிசப்தம்.

இந்த ஊருக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. அம்மா தமிழ், அப்பா வீட்டில் தெலுங்கு, தெருவில் இரண்டும். முதலில் ஒரே மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த ஒன்று எது என்பதில் சம்பந்திகள் இன்னும் ஒரு முடிவுக்கு வருவதில்லை.