நிர்வாகம் பொறுப்பல்ல

சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரப் பலகையிலும், சலவைக் கடை ரசீதின் முதுகிலும், கல்யாண மண்டபத்துச் சுவரிலும், இப்போது உடற்பயிற்சிக் கூடங்களின் சேர்க்கைப் படிவத்திலும் ஒரே வாசகம் காணப்படுகிறது: நிர்வாகம் பொறுப்பல்ல. எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு ரக்ஷைக் கயிறு போலவே நம்புகிறார்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன நேர்ந்தாலும் வழக்கு வராது என்பது அவர்கள் எண்ணம். கடன் வாங்கிய சிறு முதலைக் கொண்டு வாடகை இடத்தில் நீச்சல் பயிற்சியோ உடற்பயிற்சியோ நடத்துகிற ஒருவர், ஒரே விபத்தின் நஷ்டஈட்டில் தொழிலையே இழந்துவிடக் கூடுமாகையால், அவருடைய அச்சத்தைப் பரிகசிப்பதற்கில்லை. ஆனால் அவர் நம்பியிருக்கும் காகிதம் எங்கே தாங்கும், எங்கே கிழியும் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. அயல்நாட்டுப் படிவமொன்றில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுக்கும் அச்சகத்தார் சொல்லப் போவதுமில்லை.

சென்னையிலேயே எழுந்த வழக்கு ஒன்று, இவ்விஷயத்தில் இன்றளவும் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக விளங்குகிறது. 220 ரூபாய் பெறுமான புதுச் சேலை ஒன்று, அந்நாளில் அது சிறு தொகையன்று, சலவைக்குக் கொடுக்கப்பட்டுக் காணாமற் போயிற்று. துணி தொலைந்தால் அதன் சந்தை விலையில் பாதியை மட்டுமே கோரலாம் என்று ரசீதின் பின்புறத்தில் அச்சிட்டிருந்ததைச் சலவை நிலையத்தார் எடுத்துக் காட்டினார்கள். சட்டத் தொகுப்பில் 1966-ஆம் ஆண்டு வெளியான தீர்ப்பில், சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையைப் பொது நலக் கொள்கைக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது. அதற்கு மனத்தில் பட்ட காரணம் ரஸமானது: இப்படிப்பட்ட நிபந்தனை செல்லுமானால், புதுத் துணிகளைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளும் வசதியை அல்லவா அது சலவைக்காரருக்குக் கொடுத்துவிடும்! அஜாக்கிரதைக்கு லாபம் தரும் ஷரத்தை நியாயஸ்தலம் எப்படி ஆதரிக்கும்?

இத்தீர்ப்பின் வேர் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பொது நலக் கொள்கைக்கு முரணான உடன்படிக்கை செல்லாது என்கிறது அதன் 23-வது பிரிவு. பிறர் பொருளைப் பெற்று வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. டில்லி தாஜ் மகால் ஓட்டலில் 1998-ல் ஒருவர் காரின் சாவியைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது அதை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். விருந்தினர் சொந்தப் பொறுப்பில் வண்டியை நிறுத்துவதாகச் சீட்டில் இருந்த வாசகம் ஓட்டலைக் காப்பாற்றவில்லை. தான் போதிய கவனம் எடுத்துக்கொண்டதை முதலில் நிரூபித்த பிறகே அந்த வாசகத்தின் நிழலில் ஒதுங்கலாம் என்பதே 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதன் சாரம்.

அப்படியானால் படிவமே வீண்தானா என்று கேட்பவருக்கு, இல்லை என்றே சொல்வேன். விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் இயல்பாகவே உள்ள அபாயத்தைத் தெரிந்து, மனமொப்பி ஏற்றவர், அதே அபாயம் நேர்ந்தபின் பரிகாரம் கேட்க முடியாது என்பது ரோமாபுரிக் காலந்தொட்டு வரும் தத்துவம். 'தெரிந்து' என்பதை நிரூபிக்கும் சாட்சியமே இந்தப் படிவம். நீச்சல் குளத்தை எடுத்துக்கொள்வோம். ஆழத்தின் அளவு, ஈரத் தரையில் வழுக்கும் இடம், இருதய நோயோ வலிப்போ உள்ளவர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டிய கடமை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில், அவர் வாசிக்கக்கூடிய பாஷையில் எழுதி, பணம் வாங்குவதற்கு முன்பே காட்டிக் கையெழுத்துப் பெற்றிருந்தால், ஓடக்கூடாத இடத்தில் ஓடிக் கால் பிசகியவரின் வழக்கில் அது முதலாளிக்குப் பெருந்துணை. கரையில் காவலுக்கு ஆளே இல்லாத நேரத்தில் ஒருவர் மூழ்கினாலோ, மோட்டார் அறையிலிருந்து மின்சாரம் கசிந்தாலோ, அதே கையெழுத்தினால் யாதொரு பிரயோஜனமும் இராது. உயிருக்கும் உடலுக்கும் கவனக்குறைவால் விளையும் தீங்கிலிருந்து காகிதத்தால் தப்ப முடியாது என்று இங்கிலாந்து 1977-ல் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளித்திருக்கிறது.

பணம் வாங்குவதற்கு முன்பே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1949-ல் தீர்ந்த ஒரு வழக்கில், விடுதியின் முன்கூடத்தில் வாடகை பேசி முடித்த பிறகு, அறைச் சுவரில் தொங்கிய அறிவிப்பு தங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று முடிவாயிற்று. பணம் கட்டி, உடை மாற்றி, குளத்துப் படியில் இறங்குகிறவரிடம் ஓடி வந்து காகிதத்தை நீட்டும் நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. குழந்தைகள் விஷயம் இதனினும் நுட்பமானது. பதினெட்டு வயதாகாதவர் செய்யும் ஒப்பந்தம் முற்றிலும் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-லேயே தீர்த்துவிட்டபடியால், பையனின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தகப்பனார் கையெழுத்தோ, பிள்ளையின் உடல்நிலையைச் சொல்லி அனுமதி தந்தார் என்பதற்கு ஆதாரமாகலாமேயன்றி, பிள்ளைக்குள்ள உரிமையை அழித்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடலாகாது.

விபத்து நேர்ந்தபின் எழுதிக்கொள்ளும் தீர்வுச் சீட்டு வேறு ஜாதியைச் சேர்ந்தது. ஒருவர் தமக்கு வரவேண்டியதை முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இடந்தருகிறது. மருத்துவச் செலவையும் ஒரு தொகையையும் கொடுத்து, இனி பாத்தியதை ஏதுமில்லை என்று எழுதி வாங்குவது நியாயமான வழியே. ஆயினும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு கிடப்பவரிடம் வெற்றுக் காகிதத்தில் வாங்கிய ரேகையைக் கோர்ட்டில் நீட்டுகிறவர், தம் கட்சியைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

ஆகவே படிவத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் வக்கீலுக்கும், இன்னொரு பங்கைப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கும் ஒதுக்குவதே உசிதம். கையெழுத்தான படிவங்களைத் தேதிவாரியாக அடுக்கி, தரையைப் பரிசோதித்த நாளையும் காவலாளி பணியிலிருந்த நேரத்தையும் பதிந்த குறிப்பேட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஆணையம் புகாரை ஏற்கலாம் என்பதால், இரண்டாண்டு முடிந்த மறுநாளே அந்தக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதிருப்பது நல்லது.