விழா நகரிற் காபன் கணக்கு

விழா முடிந்த மறுநாட் காலையில் வீதியைப் பார்ப்பவருக்கு விழாவின் மற்றொரு முகம் தெரியும். மிதிபட்ட துண்டுப்பிரசுரங்களும், கவிழ்ந்து கிடக்கும் குவளைகளும், கழற்றி எறியப்பட்ட மேடைப் பலகைகளுமே அம்முகம். அவற்றைக் கூட்டி அள்ளிவிட்டால் விழாவினால் உலகுக்கு நேர்ந்த கேடும் நீங்கிவிடும் எனப் பலர் எண்ணுவர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே, கலைஞர்களைச் சுற்றாடற் பாதுகாப்பில் ஈடுபடுத்தும் சிறிய தர்மத் தாபனம் ஒன்றில் 2023 ஆம் ஆண்டின் விழாக்காலத்தைப் பயிலுநராய்க் கழித்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. அத்தகைய தாபனம் யாது செய்கின்றது, பயிலுநருக்கு அங்கே என்ன வேலை, அவ்வேலையின் பயன் என்ன என்பவற்றை இம்மலரின் வாசகர்க்கு, சிறப்பாக மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லவிருக்கும் இளைஞருக்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விழாவைப் பற்றிச் சில கூறல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஈராண்டு கழிந்தபின், 1947 இல், எடின்பரோச் சர்வதேச விழா தொடங்கப்பெற்றது. போரினாற் பிளவுண்ட மக்களை இசையும் நாடகமும் மீண்டும் ஓரிடத்திற் கூட்டும் என்பதே தொடங்கியவர்களின் நம்பிக்கை. அவ்வாண்டிலேயே அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த மண்டபங்களிலே நடித்தன. அந்த அழையா விருந்தினர் வழியாக வளர்ந்ததே 'பிரிஞ்ச்' எனப்படும் விளிம்பு விழா. இன்று அது தாய் விழாவினும் பெரிது. 2019 ஆம் ஆண்டில் அவ்விளிம்பு விழாவில் மட்டும் 3,800 க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. நகரின் குடித்தொகையோ ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். நல்லூர்த் திருவிழாவைப் போலவே அதுவும் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி ஏறக்குறைய இருபத்தைந்து நாட்கள் நடைபெறுவது என்றால், அந்நகரின் நெருக்கம் எம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

கலைக்கும் சுற்றாடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜேர்மனியக் கலைஞர் யோசப் பொய்ஸ் என்பார் 1982 இல், காசல் நகரிற் கலைக் கண்காட்சி நடந்தபோது, ஏழாயிரம் மரங்களை நடும் பணியைத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு கருங்கல் நாட்டப்பட்டது. அவர் 1986 இல் மறைந்தார். இறுதி மரம் 1987 இல் நடப்பட்டது. 2015 இற் பாரிஸ் நகரிலே காலநிலை மாநாடு கூடியபோது, ஓலாபர் எலியாசன் என்னுங் கலைஞர் கிறீன்லாந்தின் பனிக்கட்டிப் பாறைகள் பன்னிரண்டைக் கொணர்ந்து, பொதுமக்கள் தொட்டுப் பார்க்கும்படி ஒரு சதுக்கத்தில் உருகவிட்டார். நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலையை அந்த உருகும் பாறை செய்தது. ஆயினும் பாறையை அத்துணைத் தூரம் கொணர்வதற்கும் எரிபொருள் செலவாயிற்றன்றோ? அச்செலவால் வெளியான காபனையும் கணக்கிட்டு வெளியிட்டமையே அம்முயற்சியின் நேர்மை. பிறருக்கு அறிவு புகட்ட விரும்பும் கலை தன் கணக்கையும் காட்டவேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

இக்கொள்கையைச் செயற்படுத்தவே தாபனங்கள் எழுந்தன. 2007 இல் இலண்டனில் 'ஜூலீஸ் பைசிக்கிள்' என்னும் அமைப்பும், 2011 இல் எடின்பரோவில் 'கிறியேற்றிவ் காபன் ஸ்கொத்லாந்து' என்னும் அமைப்பும் தோன்றின. தன்னிடம் நிதி பெறும் பெரிய கலைத் தாபனங்கள் தத்தம் சுற்றாடற் கணக்கைச் சமர்ப்பித்தல் வேண்டுமென இங்கிலாந்துக் கலைக் கழகம் 2012 இல் விதித்தது. 2045 ஆம் ஆண்டளவில் நாட்டின் காபன் வெளியீட்டை நிகரச் சுழியமாக்கவேண்டும் என ஸ்கொத்லாந்து 2019 இற் சட்டமியற்றியது. எம்மை ஏற்றுக்கொண்ட தாபனம் மேற்கூறிய இரண்டினும் சிறியது. மாடியில் ஓர் அறை, நால்வர், பழைய தேநீர்க் கேத்தல் ஒன்று: அவ்வளவே.

விழாக்காலத்தில் அங்கே வேலை மூவகைப்படும். முதலாவது கணக்கெடுத்தல், இரண்டாவது மீள்பயன்பாடு, மூன்றாவது அறிவுரை கூறுதல். பயிலுநருக்கு முதலிரண்டும் மிகுதியாகவும் மூன்றாவது சிறிதளவும் கிடைக்கும்.

கணக்கெடுக்கும் முறை எளிது. மண்டபமொன்று பயன்படுத்திய மின்சாரம், எரிவாயு, நீர், அகற்றிய குப்பை, கலைஞரும் பார்வையாளரும் பயணஞ் செய்த தூரம் ஆகியவற்றைத் திரட்டவேண்டும். ஒவ்வொன்றையும் அதற்குரிய காரணியாற் பெருக்கவேண்டும். அக்காரணிகளைப் பிரித்தானிய அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. சான்றாக, 2023 இல் ஒரு கிலோவாற்று மணி மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஐந்திலொரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு எனக் கொள்ளப்பட்டது. ஆகவே ஆயிரம் கிலோவாற்று மணி பயன்படுத்திய மண்டபத்தின் பெயரில் இருநூறு கிலோகிராம் எழுதப்படும். இடைநிலைப் பள்ளி மாணவனும் செய்யத்தக்க பெருக்கலே இது. கடினம் பெருக்கலில் இல்லை. இலக்கம் சரியானதா என்று அறிவதிலேயே உளது.

இதனை எம் பிழையாலேயே கற்றோம். எரிவாயுமானி கன மீற்றரிற் காட்டுவது. கணக்கோ கிலோவாற்று மணியிற் கேட்பது. ஒரு கன மீற்றர் எரிவாயு ஏறத்தாழப் பதினொரு கிலோவாற்று மணிக்குச் சமம். ஒரு மண்டபத்தின் ஆண்டுக் கணக்கை எழுதும்போது மானியின் இலக்கத்தை மாற்றாது அப்படியே பதிந்துவிட்டோம். அதன் பயனாக, காற்றுப் புகும் பழைய சாளரங்களையுடைய அம்மண்டபம், தன் உண்மைச் செலவிற் பதினொன்றில் ஒரு பங்கே செலவிட்ட உத்தம மண்டபமாய்த் தோன்றிற்று. அதனைப் பாராட்டிக் கடிதமும் எழுதத் தொடங்கினோம். தாபனத் தலைவியார் தாளைப் பார்த்தார், சினந்திலர். அம்மண்டபத்திற் குளிர்காலத்தில் ஒரு மாலை மேலங்கியின்றி இருந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். அன்று முதல் எந்த இலக்கத்தைக் கண்டாலும், அது குறிக்கும் இடத்தை மனக்கண்ணாற் பார்த்த பின்னரே எழுதலானோம்.

மீள்பயன்பாடு விழாவின் இறுதி நாட்களுக்குரிய வேலை. ஒரு மாதம் நடித்த குழு, தன் மேடைப் பொருளை ஊருக்குக் கொண்டு செல்ல வண்டிச் சத்தம் கொடுக்கமாட்டாது குப்பையில் இடும். அவற்றை ஓரிடத்திற் சேர்த்து, வேண்டுவோர் எடுத்துச் செல்ல விடுவர். அரசனின் சிங்காசனத்தை ஒரு பாலர் பள்ளி ஆசிரியை கொண்டுசென்றார்; துணிக் கடலை ஒரு நடனக் குழு பெற்றது. 2022 இல் ஆகஸ்ட் 18 முதற் 30 வரை நகரின் துப்புரவுத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். அந்நாட்களில் வீதிகளிற் குப்பை மலையெனக் குவிந்ததை அடுத்த ஆண்டிலும் யாவரும் பேசினர். ஒரு விழா எத்தனை பேரின் முதுகுழைப்பின் மேல் நிற்கின்றது என்பதை நகரம் அப்போதே கண்டது போலும்.

எனினும் கணக்கேட்டைத் திறந்தாற் குப்பையின் பங்கு சிறிது; மண்டப மின்சாரத்தின் பங்கும் மிகப் பெரிதன்று. பயணத்தின் பங்கே ஏனையவற்றை விஞ்சி நிற்கும். ஆதலால் வாயில்களில் வரிசையாய் நிற்பவரிடம், எவ்விடத்திலிருந்து வந்தீர், எதில் வந்தீர் என வினவிக் குறிப்பது எம் மாலை வேலையாயிற்று. இலண்டனிலிருந்து புகையிரதத்தில் வருவதற்கு நாலரை மணி நேரமளவில் ஆகும். அதனால் வெளியாகும் காபன் விமானப் பயணத்தினதிற் சிறு பகுதியே. இதனை நாள்தோறும் பலருக்கு விளக்கினோம். ஒரு மாலை முதியவர் ஒருவர் பொறுமையுடன் விடையளித்துவிட்டு, தாங்கள் எவ்விடத்திலிருந்து எதில் வந்தீர்கள் என்று எம்மையே வினவினார். கொழும்பிலிருந்து, விமானத்தில், என்றோம். வரிசையில் நின்றோர் நகைத்தனர்.

அன்றிரவு எம் கணக்கை யாமே எழுதிப் பார்த்தோம். போக்கும் வரவுமாகப் பதினேழாயிரம் கிலோமீற்றருக்கு மேல். காபன் ஒரு தொன்னுக்கு மேல். எம் அலுவலகம் ஓராண்டு முழுவதும் கொண்ட மின்சாரத்தின் பங்கை அது விஞ்சியது. யாம் படிக்கவே வந்தோமாகையால் அதனைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிற் சேர்க்கலாமே என்று தலைவியாரிடம் கூறினோம். அவர் நகைத்து, ஒவ்வொருவரும் அடுத்தவர் கணக்கில் எழுதினால் அது எவர் ஏட்டிலும் இராது, வானத்தில் மட்டும் இருக்கும் என்றார். யாம் மறுமொழி கூறவில்லை.

அதன் பயனாக ஒரு முடிவு செய்தோம். அவ்வாண்டு மார்கழி விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்ப எண்ணியிருந்ததைக் கைவிட்டு, படிப்பு முடிந்தபின் ஒரேமுறை வருவதெனத் தீர்மானித்தோம். இதனைத் தொலைபேசியிற் கேட்ட எம் அன்னையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், பெற்றவள் பிள்ளையைக் காணாத மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று கேட்டார். அவ்வினாவுக்குரிய காரணி எந்த அட்டவணையிலும் இல்லை. செய்தது சரியென்றே இன்றும் கருதுகின்றோம். ஆயினும் அதனைச் செய்யாத ஒருவரைக் குறைகூறும் துணிவு அன்றோடு எம்மை விட்டகன்றது. அறிவுரை கூறும் வேலையில் எம் சொல்லைச் சிலர் செவிமடுத்தனர் என்றால் அதற்குக் காரணம் இதுவே. பயணத்தை விட்டுவிடுங்கள் என்று கூறாமல், ஒருமுறை வந்தால் நெடுநாள் தங்குங்கள், ஒரே பயணத்திற் பல ஊர்களில் நடியுங்கள், இரும்புப் பாதை உள்ளவிடத்தில் வானை நாடாதீர்கள் என்றே கூறக் கற்றோம்.

இனி, இத்தகைய பணியை நாடும் இளைஞர் அறியவேண்டியது ஒன்றுண்டு. பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி, வேலையாளராகக் கருதப்படும் பயிலுநருக்கு அச்சம்பளம் கொடுத்தேயாக வேண்டும். தர்மத் தாபனத்தில் விருப்பத் தொண்டராய் உழைப்பவருக்கும், படிப்பின் பகுதியாக வருபவருக்கும் அது கட்டாயமன்று. எமக்குக் கிடைத்தவை பஸ் கட்டணமும் மதிய உணவுச் செலவுமே. ஆகஸ்ட் மாதத்திலோ அந்நகரில் அறை வாடகை பன்மடங்கு உயரும். உறவினர் வீட்டிலே பாயும் தலையணையும் கிடைத்தமையால் யாம் சமாளித்தோம். அத்துணை இல்லாத ஏழை மாணவன் இவ்வாயிலில் நுழைதல் அரிது. நல்ல நோக்கமுடைய தாபனங்களும் தம் கணக்கில் எழுத மறக்கும் செலவு இது. ஆதலின் பணியை ஏற்குமுன் சம்பளம் உண்டா, செலவு தருவரா, விசா நிபந்தனைகள் இடந்தருமா என்பவற்றை எழுத்திற் கேட்டறிதல் வேண்டும். சம்பளமில்லா வேலையும் சிலவேளை வேலையாகவே எண்ணப்படும்.

விழாக்களை நிறுத்துதல் மனிதருக்கு இயல்பன்று, நிறுத்தவும் வேண்டியதில்லை. போரிலிருந்து மீண்ட மக்களை ஒன்றுகூட்டவே எடின்பரோ விழா பிறந்தது என்பதை மறத்தலாகாது. கூடும்போது அதன் செலவை மறையாது எழுதுவோமாக. எழுதும்போது முதல் வரியில் எம் பெயரையே எழுதுவோமாக. எரிவாயுமானியின் முன் நின்று ஒரு விழாக்காலத்தில் யாம் கற்ற பாடம் இதுவே.