எஞ்சினின் மிகை வேகம்

மோட்டார் வண்டி நிற்கும்போதும் அதன் எஞ்சின் மெல்ல இயங்கிக்கொண்டிருக்கும். இதனைப் பழுது பார்ப்போர் 'ஐடிலிங்' என்பர். சூடேறிய பெட்ரோல் எஞ்சின் இந்நிலையில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 600 முதல் 900 சுற்று வரை சுழலும். குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் சற்று விரைந்து சுழல்வது இயல்பே. சூடேறிய பின்னரும் 1,500 சுற்றுக்குக் குறையாது சுழலுமாயின் அது குறையாகும், எரிபொருள் வீணாகும்.

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை ஆள்வது அதனுள் செல்லும் காற்றே. ஆகவே, மிகையான காற்று எவ்வழியே நுழைகிறது என்பதே முதல் வினா. காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டிற்குத் த்ராட்டில் என்பது பெயர். ஆக்ஸிலேட்டர் மிதியினின்று வரும் கம்பி இறுகியிருந்தாலும், கரி படிந்திருந்தாலும், அத்தகடு முற்றும் மூடாது. அது செம்மையாக இருப்பின், எஞ்சினோடு இணைந்த ரப்பர் குழாய்களைச் சோதித்தல் வேண்டும். சுழலும் விசிறியினின்று கையை விலக்கி, குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் மெல்ல நெரிக்க வேண்டும். எதனை நெரிக்கும்போது வேகம் பெரிதும் தணிகிறதோ, அதனையும் அது சென்று சேரும் உறுப்பையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாறு ஆராயாது, திருகாணியைத் திருகி வேகத்தைக் குறைப்போரும் உளர். வேகம் தணியும், குழாயின் வெடிப்போ அங்கேயே இருந்து நாளும் பெருகும். குறையை மறைப்பது வேறு, களைவது வேறு.