விசாரணைக்குப் போகுமுன்

சோளகக் காற்று வீசும் காலத்தில் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் வந்து சேர்வது இலகுவான காரியமன்று. அத்தகைய ஒரு நாளில், நனைந்த வேட்டியும் கையில் ஓர் உறையுமாக ஒரு தந்தையார் வேலணையிலுள்ள என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். பின்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மகன். என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்தவன். உறைக்குள் இருந்தது பல்கலைக்கழகமொன்றின் கடிதம். பரீட்சை மண்டபத்திற் குறிப்புத்தாள் வைத்திருந்தமைக்காக ஒழுக்காற்று விசாரணைக்குச் சமுகமளிக்கும்படி அது கூறியது.

"பெடியன் ஒரு பிழையும் செய்யேல்லை, மாஸ்டர். போய் அவையின்ரை காலிலை விழுந்தாற் சரிவருமோ?" என்றார் தந்தையார்.

நம்மவர்க்கு இரண்டு வழிகளே தெரியும். ஒன்று காலில் விழுவது. மற்றது தெரிந்த பெரியவரைப் பிடிப்பது.

நான் அவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னேன். 1952 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர் ஒருவர், விலங்கியல் வினாத்தாளில் மொழிபெயர்ப்புக்கென வந்த ஜெர்மன் பகுதியை முன்கூட்டியே அறிந்திருந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரணைக் குழு குற்றத்தை உறுதி செய்தது. பரீட்சைகளிலிருந்து காலவரையறையின்றி அவர் விலக்கப்பட்டார். முக்கிய சாட்சி உடன் பரீட்சை எழுதிய மாணவி. அவருடைய வாக்குமூலமோ அம்மாணவர் இல்லாத வேளையிற் பெறப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்ற அவ்வழக்கு, ஈற்றில் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1960 இல் அக்கழகம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்த்தது. குற்றச்சாட்டு இன்னதென்று மாணவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. பதில் கூறவும் இடமிருந்தது. சாட்சியைத் தாம் வினவவேண்டுமென்று அவர் கோரவேயில்லை. கோரி, அது மறுக்கப்பட்டிருந்தால் அவர் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

"கேளாமல் விட்டது பிள்ளையின்ரை பிழையோ?" என்றார் தந்தையார்.

நியாயமான கேள்வி. விசாரிப்பவர்களே அவ்வுரிமையைச் சொல்லியிருக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆயினும் தீர்ப்பு அப்படியாயிற்று. ஆகவே கேட்கவேண்டியதை எழுத்திலே கேட்டு, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்வதே புத்தி.

தந்தையாரைத் தேநீர் அருந்த உள்ளே அனுப்பிவிட்டு, "தம்பி, நடந்ததைச் சொல்" என்றேன். அரை மணி நேரம் சென்றது. தாள் தன்னுடையதல்ல என்றான். பின்னர் தன்னுடையதுதான் என்றான். காலையிற் படித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்ததை எடுக்க மறந்துவிட்டானாம். மண்டபத்தில் அதைப் பார்க்கவில்லையாம். "ஐயாவுக்குச் சொல்லப் பயமாயிருந்தது, சேர்."

அதையே எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தான், எந்த ஆசனம், மேற்பார்வையாளர் என்ன சொன்னார், எதிற் கையொப்பம் வாங்கினார் என்பன யாவும் வரிசையாக. தாளிலுள்ளது விடைத்தாளில் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்குமாறு குழுவைக் கேட்கலாம். பார்த்து எழுதவில்லையென்றால் அது அவனுக்குத் துணை. எழுதியிருந்தால் அக்கோரிக்கையே அவனைக் காட்டிக்கொடுக்கும். இதைச் சொன்னபோது அவன் கண் தாழவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

பதிவாளருக்கு ஒரு கடிதம் தயாராயிற்று. எந்த விதி மீறப்பட்டது, மேற்பார்வையாளரின் அறிக்கைப் பிரதி கிடைக்குமா, அவரிடம் கேள்வி கேட்க அனுமதி உண்டா, துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா? பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். (குற்றச்சாட்டு பகிடிவதையாயின் கதை வேறு. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது நீதிமன்றம் வரை போகும் குற்றம். சட்டத்தரணியைக் காணாமல் ஒரு வரியும் எழுதலாகாது.)

தீவார்க்கு இன்னொன்று: விசாரணைக்கு முதல் நாளே கரை சேர்ந்துவிடவேண்டும். படகு ஓடவில்லையென்ற நியாயம் கடலைக் காணாதவர்களுக்கு எளிதில் விளங்காது.

கடிதம் முடிய விளக்கு வைக்கும் நேரமாயிற்று. கடைசிப் படகும் போய்விட்டது. அன்றிரவு எங்கள் விறாந்தையிற் படுத்திருந்த தந்தையும் மகனும் நெடுநேரம் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருந்தார்கள்.