மிளகு ரசம்

மிளகு ரசம் என்பது புளிக்கரைசலில் மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைத் தட்டிப்போட்டுச் செய்யப்படும் தமிழர் உணவாகும். பழந்தமிழர் பகுத்த 6 பெரும்பொழுதுகளுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் இந்நாள்களில் வீடுகளில் மிளகு ரசம் விரும்பிச் செய்யப்படுகிறது.

மிளகுக்குக் காரம் தருவது பைப்பரின் என்னும் வேதிப்பொருள். மணம் தருபவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். நெடுநேரம் கொதித்தால் காரம் நிற்கும், மணம் போய்விடும். ஆகவே நுரை கூடி வரும்போதே ரசத்தை இறக்கிவிடுவர். அதுவரை சமைப்பவர் அடுப்பை விட்டு நகராமல் நுரையையே பார்த்திருக்க வேண்டும். அச்சில நிமிடங்கள் மற்றக் கவலைகள் விலகி, மனம் அமைதி கொள்கிறது. பின்னர் நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவர். குழைந்த சோற்றில் சுடச்சுட ஊற்றி உண்டால் உடலில் குளிர் தணியும். காய்ச்சலில் வாய் கசந்தவர்களுக்கும் முதலில் பிடிப்பது இதுவே.

‘மிளகுத்தண்ணீர்’ என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘முல்லிகட்டானி’ என்னும் சூப்பின் பெயராயிற்று.