மின்தொகுப்பு சரிந்தால் கைகொடுக்குமா உள்ளூர் மின்உற்பத்தி?

புது தில்லி: 2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி பிற்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. சுமார் 48,000 மெகாவாட் மின்சுமை துண்டிக்கப்பட்டு, 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கச் சுரங்கங்களில் சுமார் 200 தொழிலாளர்கள் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர்.

ஆனால், அன்று எல்லா இடங்களிலும் மின்சாரம் நின்றுவிடவில்லை. கொல்கத்தாவுக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் பகுதி, பொகாரோ உருக்காலை, நரோரா அணுமின் நிலையத்தைச் சார்ந்த பகுதி, தில்லியில் பதர்பூர் அனல்மின் நிலையத்தைச் சார்ந்த பகுதி ஆகியவை தப்பின.

தனித்தீவு முறை: மின்தொகுப்பின் அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து அபாய அளவுக்குக் குறையும்போது, குறிப்பிட்ட பகுதியைத் தானாகவே பிரித்து, உள்ளூர் மின்நிலையத்தைக் கொண்டு இயக்குவதே 'தனித்தீவு' முறை. அப்பகுதியின் தேவையும் உற்பத்தியும் உடனடியாகச் சமநிலைக்கு வந்தால்தான் இது நிலைக்கும்.

மும்பையில் பல ஆண்டுகளாக இந்த முறை இருந்தும், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி அது கைகொடுக்கவில்லை. பிரிந்த பகுதியின் சுமையை உள்ளூர் உற்பத்தியால் தாங்க இயலாமல் மாநகரின் பெரும்பகுதி மின்சாரமின்றித் தவித்தது. புறநகர் ரயில்கள் நின்றன.

தில்லியின் சிக்கல்: 2012-இல் கைகொடுத்த பதர்பூர் நிலையம், காற்று மாசு காரணமாக 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் நிரந்தரமாக மூடப்பட்டது. மூச்சுக் காற்றுக்கு அது நன்மையே. எனினும், நகருக்குள் இருந்த ஒரு பாதுகாப்பு அதனால் குறைந்தது. எரிவாயு மின்நிலையங்கள் இருந்தபோதிலும், தலைநகரின் மின்தேவையில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்தே வருகிறது.

வீட்டுக் கூரைகளில் பெருகிவரும் சூரியமின் தகடுகளும் தாமாகவே இந்த இடத்தை நிரப்பிவிடாது. மின்தொகுப்புடன் இணைக்கப்பட்ட வழக்கமான சூரியமின் அமைப்புகள், தொகுப்பில் மின்சாரம் நின்றவுடன் ஊழியர்களின் பாதுகாப்புக் கருதித் தாமும் நின்றுவிடும். மின்கலச் சேமிப்பும், தனித்து இயங்கவல்ல இன்வெர்ட்டரும் சேர்ந்தால்தான் அவை ஆபத்து வேளையில் பயன்படும்.

எனவே, உள்ளூரில் எத்தனை மெகாவாட் திறன் உள்ளது என்பதைவிட, மின்தொகுப்பு சரியும் நொடியில் எந்த மருத்துவமனைக்கும் எந்தக் குடிநீரேற்று நிலையத்துக்கும் அது மின்சாரம் தரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஒத்திகை பார்த்து வைப்பதே முக்கியம்.