குளிர்ச்சிக்கும் ஒரு கணக்கு

சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகை 1842-ல் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியை அதில் சேமித்து வைத்தார்கள். குளிர்ச்சி அன்று அன்னிய நாட்டுச் சரக்கு! 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால், இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

இப்போதோ குளிர்ச்சியை நம் நாட்டு மின்சாரமே தருகிறது. புதுப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில், இந்திய விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் நிர்மாணித்த அணுமின் நிலையம் 1983-ல் இயங்கத் தொடங்கியது. அத்தகைய உழைப்பில் பிறக்கும் மின்சாரம் ஆளில்லாத அறையைக் குளிர்விக்கச் செலவாகுமானால், அது கடலில் கரைத்த பெருங்காயந்தான்.

பழைய கட்டடங்கள் பலவற்றில் குளிர்ச்சியை ஆள்வது ஒரு திருகு குமிழே. மாலையில் அதை அணைக்க மறந்தால் இரவு முழுதும் யந்திரம் ஓடும். குமிழைக் கோடிவரை திருப்பினால் அறை சீக்கிரம் குளிரும் என்று எண்ணுவோரும் உண்டு. பழைய யந்திரத்தின் வேகம் ஒன்றே. ஓடும் நேரமே நீளும்.

வாரன் ஜான்ஸன் என்ற அமெரிக்க ஆசிரியர், வகுப்பறைகளின் உஷ்ணத்தை அறிவிக்கும் மின்சாரக் கருவிக்கு 1883-ல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வளர்ந்த தெர்மோஸ்டாட்டுடன் பின்னர் கடிகாரமும் சேர்ந்தது. அலுவலகம் திறக்க அரை மணி முன்பு தொடங்கு, மூடும்போது நிறுத்து, ஞாயிறன்று ஓய்ந்திரு என்று ஒருமுறை கட்டளையிட்டால் போதும், அது மறப்பதில்லை. நம் நாட்டில் விற்கும் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்திச் சிக்கன நிறுவனத்தின் கணக்கு.

ஆயினும் சில எச்சரிக்கைகள் வேண்டும். நின்ற கம்ப்ரஸர் மீண்டும் ஓடச் சுமார் மூன்று நிமிஷ இடைவெளி தேவை. மருந்தும் ஆவணங்களும் உள்ள அறைகளை அலுவல் நேரக் கணக்கில் அடைக்கலாகாது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. சாதாரணத் தெர்மோஸ்டாட் உஷ்ணத்தை மட்டுமே அறியும், ஈரத்தை அறியாது. பெரிய யந்திரங்களின் இணைப்பைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கருவி சிக்கனத்திற்குத் துணையே அன்றி, சிக்கனத்திற்குப் பதிலாகாது. பிற்பகலில் கடற்காற்று எழும் கரையில், ஜன்னலைத் திறக்க வேண்டிய வேளையை அறிவதும் ஒரு தேசத் தொண்டே.